அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கு ஊதப்படவில்லை

தம்பி,

மண் சரிந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நம் தேயிலைத் தோட்டத்துப் பேக்டரிச் சங்கு ஊதப்படவில்லை. இதைச் சொன்னவர் அப்போது பேக்டரியில் மெக்கானிக்காக இருந்த அந்தோனி. சங்கின் சுவிட்ச் அவர் பொறுப்பில் இருந்தது. போன செவ்வாய்க்கிழமை வட்டகொடையில், ஸ்டேஷனுக்கு மேலே இருக்கும் அவருடைய மகள் வீட்டில் அவரைச் சந்தித்தேன். ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பி வெவ்வேறு விதமாகக் கேட்டேன். பதில் மாறவில்லை. அன்று பேக்டரியில் அவருடன் இருந்த காவற்காரர் பண்டாவை மறுநாள் நோர்வூட்டில் தனியாகப் பார்த்தேன். அந்தோனி சொன்ன எதையும் நான் அவரிடம் சொல்லவில்லை. "நளாவ கெஹுவே நே, மஹத்தயா," என்றார். சிங்களத்தில், சங்கு அடிக்கவில்லை என்று அர்த்தம். ஆகவே இதை உறுதியான செய்தி என்று உனக்கு எழுதுகிறேன். இந்த ஒரு வரிக்காக நீ இத்தனை வருடம் காத்திருந்தாயா, அல்லது இப்படி ஒரு வரி இருக்கக்கூடும் என்றே நினைக்காமல் விட்டுவிட்டாயா என்பது எனக்குத் தெரியாது.

பத்திரிகைக்காரனான உன் அப்பா, மகனுக்கு எழுதும் கடிதத்தை ஏன் பத்திரிகையில் போடுகிறார் என்று நீ கேட்பாய். உன்மேல் விழுந்த சொல், விளையாட்டு மைதானத்தில் எல்லோரும் கேட்க விழுந்தது. அதற்குப் பதில் உறைக்குள் போய் டோஹாவில் உன் தலையணைக்கு அடியில் கிடக்கக்கூடாது. இன்னொரு காரணமும் உண்டு. தை மாதம் ராகலையில் உனக்குக் கல்யாணம். மண்டபத்தில் பாட்டு வேண்டாம், மைக் செட் வேண்டாம், மேளம் தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் போதும் என்று சொல்லியிருக்கிறாய். பெண் வீட்டார் உன் அம்மாவிடம் கேட்டார்கள். "மாப்பிள்ளைக்குப் பாட்டுன்னா ஆகாதுங்களா? வேதக்காரங்க கூட பாட்டு வைக்கிறாங்களே," என்று அந்தப் பெண்ணின் மாமா சிரித்தார். உன் அம்மா சிரித்து மழுப்பிவிட்டு, வெளியே வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நீ அந்தப் பெண்ணிடம் எதையும் சொல்லவில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. கல்யாணத்துக்கு முன் சொல்லிவிடு. இந்தக் கடிதத்தைக் கொடுத்தாலும் சரி, உன் வாயால் சொன்னாலும் சரி. இன்னொருவர் வாயிலிருந்து அவள் கேட்டால், அதில் நீ இருக்க மாட்டாய். கதை மட்டும்தான் இருக்கும்.

அவளுக்கும் விளங்கும்படி, தொடக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

உன் அம்மா தோட்டத்துப் பாடசாலையில் டீச்சர். அதனால் நாம் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இல்லாமல், பாடசாலையை ஒட்டிய குவாட்டர்ஸில் இருந்தோம். குவைத்தில் வீட்டு வேலை செய்து திரும்பிய உன் சித்தி அந்தக் கீபோர்டைக் கொண்டுவந்தாள். கொஞ்ச காலம் நீ பாட்டுத்தான் வாசித்தாய். பிறகு 'எடிட்' என்று எழுதியிருந்த பட்டனைக் கண்டுபிடித்தாய். அதற்குப் பின் நீ வாசித்தது குறைந்துவிட்டது. உள்ளே இருக்கும் ஒரு சத்தத்தை எடுத்து, அதை வேறொன்றாக மாற்றுவதிலேயே மழைக்காலம் முழுவதும் போனது. தவளை செய்தாய். மலை ரயில் வளைவில் போடும் கூச்சலைச் செய்தாய். கடைசியில் பேக்டரிச் சங்கைச் செய்ய வேண்டும் என்று உட்கார்ந்தாய். கோயில் திருவிழாவில் உங்கள் வாலிபர் சங்கம் ஒரு நாடகம் போட இருந்தது. காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் அணிவகுப்புக்கு, ஆள் கூப்பிடும் காட்சியில் அது தொடங்கும். அதற்குச் சங்கு வேண்டும்.

"ஏன்டா, ஒனக்கு வேற சத்தமே கெடைக்கலியா?" என்றாள் உன் அம்மா. "காலையில அத கேட்டுத்தான் இந்தத் தோட்டமே அழுவுது. சாயங்காலமும் அழுவணுமா?"

நான் செய்தி எழுதிக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் ஒருவன் ஒரு விஷயத்தைச் சரியாகச் சொல்லப் படும் பாடு எனக்குத் தெரியும். முதலில் இடது பக்கத்தில் இருக்கும் சக்கரத்தால் முயன்றாய். தள்ளினால் சுருதி மேலே போகும், கையை விட்டால் பழைய இடத்துக்கு வந்துவிடும். அது கொஞ்சம்தான் ஏறும்படி வைக்கப்பட்டிருந்தது. நீ உள்ளே போய் அதன் எல்லையை ஒரு முழு ஸ்தாயிக்கு விரித்தாய். அப்போதும் சரிவரவில்லை. "கையால தள்ளுனா விக்கி விக்கி ஏறுதுப்பா. சங்கு விக்காது," என்றாய். பிறகு சக்கரத்தை விட்டுவிட்டு, கட்டையை அழுத்தியதும் சுருதி எங்கே தொடங்க வேண்டும், எவ்வளவு நேரத்தில் எங்கே போய் நிற்க வேண்டும், விரலை எடுத்ததும் எங்கே விழ வேண்டும் என்பதையெல்லாம் எண்களாக எழுதிவைத்தாய். பேக்டரிச் சங்கு ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. மோட்டார் முதலில் விறுவிறுவென்று பிடிக்கும், உச்சிக்குக் கிட்டப் போகப்போகத் தயங்கும். ஆகவே ஏற்றத்தை இரண்டாகப் பிரித்தாய். முதல் பாதி செங்குத்து, அடுத்தது நீட்டம். இறக்கம்தான் உன்னை அலைக்கழித்தது. விரலை எடுத்தவுடன் சத்தமே செத்துவிடும், கீழே விழும் சுருதியைக் கேட்க ஒன்றும் மிஞ்சாது. சுருதி விழுந்து முடியும்வரை ஒலி அடங்கக்கூடாது என்று வேறொரு பக்கத்தில் போய் அடங்கும் நேரத்தை நீட்டிய பிறகுதான், சங்கு மலை இடுக்கில் போய் மெல்ல அமிழ்வது போல வந்தது.

அதற்குப் பிறகும் உனக்குத் திருப்தி இல்லை. நம் பேக்டரிச் சங்கின் பேரிங் தேய்ந்திருந்ததால், உச்சியில் நின்றதும் அது லேசாக நடுங்கும். அந்த நடுக்கத்தையும் கொண்டுவந்தாய். சுருதியை மேலும் கீழும் ஒரே சீராக ஆட்டும் ஓர் ஏற்பாடு அதில் இருந்தது. ஆழத்தைக் கூட்டினால் சங்கு ஒப்பாரி வைத்தது. குறைத்தால் தெரியவே இல்லை. ஏறும்போது ஆடக்கூடாது, உச்சிக்கு வந்த பிறகே ஆட வேண்டும் என்று ஒரு தாமதமும் வைத்தாய். அது சரியாக அமைந்த மாலையில், உன் அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்து பேக்டரி இருக்கும் பக்கம் பார்த்தாள். நீ கையைத் தட்டிச் சிரித்தாய்.

நம் தோட்டத்தில் சங்குக்கு நேரம் உண்டு. அந்த நேரங்களில் ஊதினால் வேலை. வேறு நேரத்தில் ஊதினால் தீ, அல்லது மண். நேரம் கெட்ட சங்கு என்று அதற்குப் பெயர். அது கேட்டால் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, கதவருகில் ஆணியில் தொங்கும் அடையாள அட்டைப் பையை எடுத்துக்கொண்டு, பாடசாலை மைதானத்துக்கு வந்துவிட வேண்டும். இதைப் பிறந்த நாளிலிருந்து தெரிந்துவைத்திருந்த நீங்கள் பத்துப் பன்னிரண்டு வாலிபர்களும், அதே சத்தத்தை அதே மைதானத்தில் ஸ்பீக்கரைக் கட்டி, மேல் லயத்தைப் பார்த்துத் திருப்பிவைத்து ஊதினீர்கள். ஒருவருக்கும் தோன்றவில்லை. தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவருக்கும் கோயில் கமிட்டிக்கும் கூடத் தோன்றவில்லை. மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கும் தோன்றவில்லை. நாடகத்தில் வருகிற சங்கு நாடகத்துக்கு உள்ளேயே நின்றுவிடும் என்று நினைத்தோம்.

மழை தூறிக்கொண்டிருந்தது. திருவிழாவுக்கு வராமல் மேல் லயத்தில் இருந்தவர்கள் எல்லோரும் ஓடிவந்தார்கள். ஒருவர் சோற்றுச் சட்டியோடு வந்தார். மேடையையும் மாலை போட்ட அம்மனையும் பார்த்து அப்படியே நின்றார்கள். பிறகு யாரோ, "அடேய், நனைஞ்சுக்கிட்டு ஓடியாந்தோமேடா, ஒரு டீத்தண்ணியாவது ஊத்துங்க," என்று கத்த, கூட்டம் சிரித்தது. மேல் லயத்தில் குடியிருந்த பாக்கியம் சிரிக்கவில்லை. சின்னவளை இடுப்பிலும் பெரியவனைக் கையிலும் பிடித்தபடி நேராக உன்னிடம் வந்தாள்.

"தம்பி, நல்லாத்தான் செஞ்சிருக்க. அந்த இழுப்பு, அந்த நடுக்கம், அப்படியே இருக்கு. ஆனா இன்னொருக்கா செஞ்ச, ஒன் கைய முறிச்சிருவேன்."

"சரிங்கக்கா," என்றாய். மறுநாளே அந்தச் சத்தத்தின் சுருதியை நன்றாகக் கீழே இறக்கினாய். நடுக்கத்தை எடுத்துவிட்டாய். "இப்ப இது சங்கு இல்லப்பா, எரும," என்றாய். அதன் பிறகு நீ அதை வாசித்தபோதெல்லாம் மைதானத்தில் விளையாடும் பிள்ளைகள் எருமை போலவே பதிலுக்குக் கத்துவார்கள். அந்தத் தோட்டத்தில் அதைச் சங்கு என்று எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு காதும் இருக்கவில்லை. இதை நான் உன் அப்பாவாகச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் மேல் லயத்தில் இருந்த பலரிடம் இப்போது கேட்டிருக்கிறேன். எல்லோருக்கும் எருமை நினைவிருக்கிறது.

அடுத்த மழையில் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. கீபோர்டு அன்று வீட்டில்கூட இல்லை. சில கட்டைகள் ஒட்டிக்கொண்டதால், நோர்வூட்டில் மைக் செட் வாடகைக்கு விடும் பாருக் நானாவின் கடையில் திறந்து கிடந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் மேல் லயத்துக்குப் பின்னால் இருந்த சரிவு இறங்கியது. முன் வாசலில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் பிழைத்தார்கள். பின் பக்கக் காம்பரா அறைகளில் படுத்திருந்தவர்கள் இல்லை. பாக்கியம் முன்னால் இருந்தாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நீயும் கையால் மண் அள்ளினாய். பெரியவனை வெளியே எடுத்தபோது நீ கால் பக்கம் பிடித்திருந்தாய். அதை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை.

மைதானத்தில் சவப்பெட்டிகளை வரிசையாக வைத்திருந்தபோதுதான் பாக்கியம் உன்னைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. பக்கத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்டது.

"சங்கு கேட்டுச்சு தம்பி. ஒன் பொட்டிதான்னு நெனச்சேன். அதான் புள்ளைகள எழுப்பல."

கீபோர்டு நோர்வூட்டில் இருந்தது என்று நீ சொல்லியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. அவள் சொன்னது வேறு. உண்மையான சங்கு ஊதியது, நீ அதைப் பொய்யாக்கி வைத்திருந்ததால் அவள் நம்பவில்லை என்றாள். அவளுக்குப் பின்னால் நின்ற ஒருவர், "ஆமா, எனக்கும் கேட்டுச்சு," என்றார். எட்டாம் நாள் காரியத்துக்குள் தோட்டம் முழுவதற்கும் கேட்டிருந்தது. அந்தச் செய்தியை நான் எழுதவில்லை, ஹட்டனிலிருந்து வேறொருவர் வந்து எழுதினார். 'நாடகச் சங்கால் நேர்ந்த விபரீதம்' என்று ஒரு பெட்டிச் செய்தியும் இருந்தது. நீ அதைப் படித்தாய். நோர்வூட்டுக்குப் போய்க் கீபோர்டைத் திருப்பி எடுத்துவரக்கூட நீ சம்மதிக்கவில்லை. அந்த வருடமே கட்டாருக்குப் போனாய். ஹோட்டல் லாண்டரியில் மெஷின் சத்தத்தில் எதுவும் கேட்காது, நிம்மதியாக இருக்கிறது என்று போனில் ஒருமுறை சொன்னாய். அதை உன் அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

இப்போது அந்தோனி சொன்னதன் மீதியை எழுத வேண்டும். முதல் பாதியை மட்டும் எழுதி அனுப்பலாம் என்பது உன் அம்மாவின் கட்சி. "அவன் கல்யாணம் முடியட்டுங்க. மிச்சத்த அப்புறம் பாத்துக்கலாம்," என்றாள். எனக்கு அது முடியவில்லை. பாதியை மறைத்துவைத்த செய்தி பின்னால் எப்படித் திரும்பி வரும் என்று இந்தத் தொழிலில் பார்த்திருக்கிறேன். நீ முதல் பாதியை நம்பி எழுந்து நின்ற பிறகு, யாராவது மறு பாதியை உன் முகத்தில் எறிந்தால் நீ திரும்பவும் எழ மாட்டாய்.

"ஊதலைங்க ஐயா. ஊத வேண்டியவன் நாந்தான். நான் ஊதல," என்றார் அந்தோனி. அன்று ட்ரோலி பாதையைப் பார்க்கப் போன ஒருவர் ஓடிவந்து, மேலே தரை வெடித்திருக்கிறது, ஓடைத் தண்ணீர் சிவப்பாக வருகிறது என்று சொல்லியிருக்கிறார். அந்தோனி சுவிட்ச் இருக்கும் அறைக்குப் போனார்.

"போய்?"

"கைய வச்சேன். வச்சுக்கிட்டே நின்னேன்."

"ஏன்?"

"மேனேஜர் தொரைகிட்ட கேக்காம நேரம் கெட்டு ஊதக்கூடாதுன்னு உத்தரவுங்க. பங்களாவுக்குப் போன் போட்டேன், அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஞாயித்துக்கெழம, தொரை கிளப்புக்குப் போயிருந்தாரு. பண்டாவ ஓடவிட்டேன். அவன் பங்களா கேட்டு பக்கம் போகையில மல எறங்குற சத்தம் கேட்டுச்சு."

"அந்த உத்தரவு எப்ப வந்தது?"

மகள் வைத்துவிட்டுப் போன தேநீரை என் பக்கம் தள்ளினார். "திருவிழாவுக்குப் பொறவுங்க."

"திருவிழாவால்தானா?"

"அது எனக்குத் தெரியாதுங்க. டீமேக்கர் வந்து சொன்னாரு. காரணம் சொல்லல. நானும் கேக்கல. அந்தக் காலத்துல யாருங்க கேப்பாங்க?"

இதுதான் மறு பாதி. பாக்கியம் உன்மேல் வைத்த குற்றம் விழுந்துவிட்டது. ஊதாத சங்கை யாரும் பொய்யென்று நினைத்திருக்க முடியாது. ஆனால் சங்கு ஏன் ஊதவில்லை என்ற கேள்வி, உன் நாடகத்துக்குப் பின் வந்த ஓர் உத்தரவில் போய் நிற்கிறது. பின் என்றால் அதனால் என்று ஆகாது. அது யுத்த காலம். கண்ட நேரத்தில் சங்கு ஊதக்கூடாது என்று வேறு தோட்டங்களிலும் மேலிடத்திலிருந்து சொல்லியிருப்பதாக அந்த மாதங்களில் ஒரு பேச்சு இருந்தது. பேச்சுத்தான், நான் உறுதிப்படுத்தவில்லை. பேக்டரிக்குப் பொறுப்பாக இருந்த அந்த டீமேக்கர் இறந்துவிட்டார். துரை லண்டனில் இருப்பதாகச் சொல்கிறார்கள். மூன்று முறை எழுதினேன், பதில் இல்லை. அந்தச் சரிவுக்குக் கீழே ஆட்கள் குடியிருக்கக்கூடாது என்று தொழிற்சங்கத் தலைவர் பல தடவை துரையிடம் முறையிட்டார் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. அதை நீ உன் மனதில் போட்டுப் பார்க்கும்போது மறந்துவிடாதே. இத்தனை வருடமும் அந்த மலையையும் அந்த லயத்தையும் விட்டுவிட்டு, உன் கீபோர்டை மட்டும் எடைபோட்டுக்கொண்டிருந்தாய்.

இரண்டு பாதியையும் பாக்கியத்திடம் சொன்னேன். உனக்கு எழுதும் முன் அவளுக்குச் சொல்வதுதான் முறை. இப்போது கீழ் டிவிஷனில் இருக்கிறாள். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டாள். நான் முடித்த பிறகு வெகுநேரம் கை விரல்களில் இருந்த கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் கேட்டது என்னாங்க?"

"தெரியலம்மா."

"கேட்டேங்க. இப்பவும் கேக்குது."

கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சங்கு ஊதுச்சுன்னா, யாரோ ஒருத்தங்க எங்கள கூப்புட்டாங்க, நாந்தான் போகலன்னு இருந்துச்சு," என்றாள். "அது கொடுமதான். ஆனா அதுல கூப்புட ஒரு ஆளு இருந்தாங்க. இப்ப யாருமே கூப்புடலன்னு சொல்லிட்டுப் போறீங்க."

அந்த வீட்டிலிருந்து இறங்கி வரும்போது, இதைக் கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாமோ என்று முதல் தடவையாக நினைத்தேன். ஓர் ஆளின் மேல் இருக்கும் பாரத்தை எடுத்தால் அது இல்லாமல் போய்விடுவதில்லை, இன்னொரு ஆள் அதைத் தூக்க வேண்டியிருக்கிறது. நான் பாதையை அடைவதற்குள் அவள் பின்னாலேயே வந்தாள்.

"சார், தம்பி தையில வருதுல்ல? நான் அன்னைக்கு அத்தன பேருக்கு முன்னால சொன்னேன். அதத் திருப்பி எடுக்கணும்னா நாந்தான் எடுக்கணும், ஒங்ககிட்ட குடுத்துவிட முடியாது. ஆனா அந்த உத்தரவு எதுக்கு வந்துச்சுன்னு மொதல்ல கேட்டுட்டு வாங்க. தெரியாம எடுத்துட்டு, மறுபடியும் வைக்க எனக்குத் தெம்பு இல்ல."

நீ வரும்போது அவள் வீட்டுக்குப் போக வேண்டும். உத்தரவுக்குக் காரணம் எதுவாக இருந்தாலும் போக வேண்டும். இது ஒன்றைத்தான் அப்பாவாகச் சொல்கிறேன், மற்றதெல்லாம் செய்தி.

காரணம் தெரிந்தவர் ஒருவர் உயிரோடு இருக்கிறார். அப்போது ஆபீசில் பெரிய கிளாக்கராக இருந்த சிவஞானம். துரைக்கு வரும் போன் எல்லாம் அவர் கைக்குத்தான் முதலில் வரும். ஓய்வுக்குப் பின் யாழ்ப்பாணம் போய்விட்டார். பல நாள் முயன்று, நேற்று மாலை போனில் பிடித்தேன். நான் யார் என்று சொன்னதும், "டீச்சரின்ரை மனுசன்தானே? மகன் எப்பிடி இருக்கிறான்?" என்று அவராகவே கேட்டார். உன்னை மறக்கவில்லை. நான் உத்தரவைப் பற்றிக் கேட்டேன்.

"ஓம், அது ஏன் வந்ததெண்டு எனக்குத் தெரியும். ஆனா ரெலிபோனில கதைக்கிற விசயமில்லை."

"திருவிழாவாலா, இல்லையா? ஒரு சொல்லில் சொல்லுங்கள்."

"ஒரு சொல்லில சொன்னா நீங்கள் பிழையா விளங்கிக்கொள்ளுவியள். மார்கழிக் கடைசியில நுவரெலியாவுக்கு மகளிட்டை வாறன். நேரில வாங்கோ, முழுக்கச் சொல்லுறன்."

கீபோர்டைப் பாருக் நானா பழுது பார்த்து அப்போதே கொண்டுவந்து தந்தார். உன் அறையில் துணி மூடி வைத்திருக்கிறது. உன் அம்மா வெள்ளிக்கிழமைகளில் தூசு தட்டுவாள், பிளக்கைக் குத்த மாட்டாள். அதில் நீ சேமித்துவைத்தவற்றை யாரும் தொடவில்லை.

இந்தக் கடிதம் அச்சாகும் நாளில் சிவஞானம் இன்னும் யாழ்ப்பாணத்தில்தான் இருப்பார். அவர் நுவரெலியாவுக்கு வந்த மறுநாள் நான் போவேன். அது உன் விமானத்துக்கு முன், கல்யாணத்துக்கும் முன். அவர் சொல்வதைப் பண்டாவிடமும் அந்தோனியிடமும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பாக்கியத்துக்குச் சொல்வேன். அன்றே உனக்கும் போன் செய்வேன். நல்ல பதிலாக இருந்தால்தான் செய்வேன் என்று நினைக்காதே. அன்று போன் அடித்தால் எடு.

அப்பா